காது கிழிந்த எலியும் மருமகளின் மலை வண்டியும்

என் அருமை மருமகளுக்கு,

மாமா எழுதுவது. நான் அன்றைக்கே சொன்னேன். இந்தக் கடிதத்தில் இனிமேல் வரப்போகிற எல்லாவற்றையும் நான் அன்றைக்கே சொன்னேன் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன், பிறகு சொன்னால் நடந்ததைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்பாய். நீ பயிற்சிக்குக் கிளம்பும்போது உன் ஏடிவி வண்டியை, அந்த நாலு சக்கர மலை வண்டியை, எங்கள் வீட்டுக் கொட்டகையில் நிறுத்திவிட்டு, "மாமா, வாரத்துக்கு ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணி விடுங்க, தார்ப்பாயப் போட்டு மூடி வைங்க, வேற எதையும் தொடாதீங்க" என்று சொன்னாய் அல்லவா, அந்த நிமிஷமே நான் உன் அத்தையிடம், "இந்த வண்டிக்குக் கரண்ட்டுல ஒரு கண்டம் இருக்கு" என்றேன். தன் காதில் அப்படி ஒன்றும் விழவில்லை என்கிறாள். அவள் காது அப்படி.

இவ்விடம் நானும் அத்தையும் சௌக்கியம். அவளுக்கு முழங்கால் வலி தேவலை. எனக்கு எப்போதும் போல ஒன்றுமில்லை, வலது கைக் கட்டைவிரலில் மட்டும் சின்னதாக ஒரு கட்டு, அதன் காரணம் கடிதத்தின் நடுவில் வரும். உன் உடம்பைப் பார்த்துக்கொள். அங்கே ஆடு மாடுகளுக்கு ஊசி போடக் கற்றுக்கொள்கிற அவசரத்தில் நீ வேளைக்குச் சாப்பிடாமல் இருக்காதே. போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் போனில் நீ "வண்டி எப்படி மாமா இருக்கு?" என்று கேட்டுவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கிறாய், அந்த மௌனத்தில் எனக்குப் பேச்சு வருவதில்லை.

திங்கட்கிழமை என்ன நாள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. பெரிய டாக்டர் உன்னோடு வந்து, மலைமேல் இருக்கிற எல்லா ஆட்டுப் பட்டிகளுக்கும் நீ தனியாகப் போய்வர முடிகிறதா என்று பார்ப்பார், முடிந்தால் வேலை நிரந்தரம், முடியாவிட்டால் தாற்காலிகம் தாற்காலிகமாகவே போய்விடும். வண்டி ஓடினால்தான் நீ மேலே போக முடியும். இதை உன் அம்மா, என் சொந்தத் தங்கை, போனில் அழுதுகொண்டே சொன்னாள். அதனால்தான் அம்மாடி நான் கையை வைத்தேன். உன் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தேன். ஒரு விளக்கு, ஒரு ஹார்ன், அதுவும் கோழிக்குஞ்சு மாதிரி கத்துகிற ஹார்ன். பெரிய டாக்டர் வரும்போது இது போதுமா? மலையில் பனிமூட்டம் இருக்கும், குளிர் இருக்கும், பின்னால் பள்ளம் இருக்கும். ஆகவே வண்டி அலங்காரக் கடைக்குப் போய், ஜீப்புக் கூரைமேல் வைக்கிற நீள விளக்கு, லாரி ஹார்ன், கைப்பிடியைச் சூடாக்குகிற உறை, பாட்டுப் பெட்டி, ரிவர்ஸ் எடுத்தால் "கவனம், வண்டி பின்னால் வருகிறது" என்று சொல்கிற பெண் குரல் பெட்டி, எல்லாம் வாங்கி வந்தேன். கடைக்காரர், "இதெல்லாம் யார் மாட்டுவாங்க?" என்று கேட்டார். என்னைப் பற்றி அவருக்குத் தெரியாது. நான் மின்சாதனக் கிடங்கில் காவலுக்கு இருந்தவன். அங்கே பெட்டிகளின் மேல் அச்சடித்திருந்த அத்தனையையும் வாசித்தவன். எட்டாம் வகுப்புக்கு மேல் எனக்குக் கற்றுத்தரப் பள்ளிக்கூடத்தில் ஒன்றும் மிச்சமில்லை என்று வாத்தியார்களே ஒத்துக்கொண்டு அனுப்பிவைத்தார்கள்.

வேலையை நான் எப்படிச் செய்தேன் என்று நீ பார்த்திருக்க வேண்டும். மற்றவர்கள் வயரில் ஆரம்பிப்பார்கள். நான் துருவில் ஆரம்பித்தேன். மலை மழையில் இரும்பு துருப்பிடித்துவிடக்கூடாது என்று அடிச்சட்டம் முழுவதும் கறுப்புப் பெயிண்ட் அடித்தேன். காய்ந்ததும் அதன்மேல் இன்னொரு கை அடித்தேன். கண்ணாடி மாதிரி மின்னியது, அதில் முகம் பார்த்து மீசையை ஒதுக்கிக்கொள்ளலாம். அந்தப் பெயிண்ட் மேல் எல்லா எர்த் வயர்களையும் வரிசையாக வைத்து போல்ட் முறுக்கினேன். போல்ட் தனியாகப் பளபளத்துக் கண்ணை உறுத்தியதால் அதன்மேலும் ஒரு கை அடித்துவிட்டேன். கரண்ட்டுக்கு, வீட்டில் நாம் என்ன செய்வோம்? சுவரில் ஒரு பிளக் இருந்தால் அதில் ஒரு சொருகி, சொருகியில் ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டி, பெட்டியில் ஃபேன், அயர்ன் பாக்ஸ், போன் எல்லாம் ஓடும். அதே முறைதான். பின்விளக்கு வயரில் ஹார்ன், ஹார்ன் வயரில் நீள விளக்கு, அதில் சூடு உறை, அதில் பாட்டு, கடைசியில் அந்தப் பெண் குரல். ஒரே குடும்பம் மாதிரி.

முதல் நாள் ஸ்டார்ட் பண்ணினதும் அத்தனையும் வேலை செய்தது. எதிர்வீட்டுத் தையல்காரர் வாசலுக்கே வந்துவிட்டார். "என்ன மாமா, விமானம் எதாச்சும் எறக்குறீங்களா?" என்றார். நான் மீசையை ஒதுக்கிக்கொண்டு சிரித்தேன்.

மறுநாள் காலையில் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பாட்டுப் பெட்டியும் சூடு உறையும் வண்டி நின்ற பிறகும் பாட்டரியைக் குடித்துக்கொண்டே இருந்திருக்கின்றன. கைப்பிடியைத் தொட்டால் சப்பாத்திக் கல் மாதிரி இருந்தது. கட்டைவிரல் கதை இதுதான். தையல்காரர் ஸ்கூட்டர் பாட்டரியிலிருந்து கரண்ட் கடன் வாங்கி வண்டியை எழுப்பினேன். எழுந்தது. ஆனால் எழுந்த வண்டிக்குப் புத்தி மாறியிருந்தது.

பிரேக்கை அழுத்தினால் பாட்டு வந்தது. பாட்டை நிறுத்தினால் முன்விளக்கு அணைந்தது. இடது பக்கம் சிக்னல் போட்டால் வலது கைப்பிடி சுட்டது. ஹார்னை அமுக்கினால் ஹார்ன் அடிக்கவில்லை, நீள விளக்கு மட்டும் கண்ணடித்தது. எல்லாவற்றையும் விட மோசம் அந்தப் பெண் குரல். வண்டி முன்னால் போகும்போதெல்லாம் "கவ...ன...ம்..." என்று ஏதோ கிணற்றுக்குள்ளிருந்து ஓர் ஆம்பிளை பேசுகிற மாதிரி இழுத்தது. அத்தை அடுப்படியிலிருந்து ஓடிவந்து, "வீட்டுக்குள்ள யாருங்க அது?" என்று கேட்டாள். பிறகு ஃபியூஸ் போனது. மாற்று ஃபியூஸ் போட்டேன், அதுவும் போனது. ஃபியூஸ் என்பது பயந்தாங்கொள்ளி, சின்ன விஷயத்துக்கெல்லாம் உயிரை விட்டுவிடும் என்று எனக்குத் தெரியும். அதனால் சாக்லேட் சுற்றி வருகிற வெள்ளித்தாளை எடுத்து, மடித்து, மடித்து, அதன் இடத்தில் வைத்தேன். அது போகவே இல்லை. கொஞ்சம் புகை வந்தது, ஆனால் போகவில்லை.

அப்போதுதான் அம்மாடி அந்தச் சம்பவம். தெருவே வேலைக்குக் கிளம்புகிற நேரம். நான் வண்டியைக் கொட்டகையிலிருந்து வாசலுக்குத் தள்ளி, சாவியைத் திருப்பினேன். லாரி ஹார்ன் அடிக்க ஆரம்பித்தது. நான் அமுக்கவில்லை, தானாக அடித்தது. சாவியை எடுத்தேன், அடித்தது. பட்டனைத் தட்டினேன், உதைத்தேன், கும்பிட்டேன், அடித்துக்கொண்டே இருந்தது. தையல்காரர் கையில் ஒரு பாதிச் சட்டையோடு வெளியே வந்து ஏதோ கத்தினார், வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது. ஒரு லாரி எங்கள் தெருவுக்குள் வருகிறது என்று நினைத்து ஓர் ஆட்டோக்காரர் தானாகவே பின்னால் போய் மரத்தில் இடித்துக்கொண்டார். நான் டூல் பெட்டிக்கு ஓடினேன், திரும்பி வந்தேன். அந்தக் கண்ணிமைக்கிற நேரத்தில், இதை நன்றாகக் கேட்டுக்கொள், சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு எலி. எலி என்றால் சின்ன எலி இல்லை. நல்ல கறுப்பு எலி, வலது காதில் கிழிசல், வாலைத் தரையில் இழுத்துக்கொண்டு நடக்கிற ஜாதி. என்னைப் பார்த்தது. நான் அதைப் பார்த்தேன். வயர்க் கட்டை ஒரே கடி. ஹார்ன் நின்றது. எலியையும் காணோம்.

அந்த நிசப்தத்தில் அத்தை வெளியே வந்தாள். தொங்குகிற வயர்களைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"யாரு வெட்டுனது?"

"எலி."

"எலியா?"

"எலிதான். இவ்ளோ பெருசு."

நான் கையால் காட்டினேன். தையல்காரர் பார்த்துக்கொண்டிருந்ததால் கை கொஞ்சம் அகலமாகப் போயிருக்கலாம்.

அதற்கப்புறம் என் கையில் ஒன்றும் இல்லை. தையல்காரர் தன் கடைத் துணிகளுக்குப் பயந்து ஒரு எலிப்பொறி வாங்கி வாசலில் வைத்து, மறுநாள் காலை செய்தித்தாள் எடுக்க வந்து தன் கால் பெருவிரலையே பிடித்துக்கொண்டார். தையல் மிஷினை மிதிக்கிற கால். இப்போது தெருவில் பாதிப் பேர் கைப்பட்டை தைக்காத சட்டையோடு திரிகிறார்கள். உன் அத்தை எங்கிருந்தோ ஒரு பூனையைக் கொண்டுவந்துவிட்டாள். வெள்ளைப் பூனை, பார்வையில் ஒரு அலட்சியம். அதை வண்டிக்கு அடியில் கட்டிப்போட்டு, "இங்கதான் இருக்கு, புடி" என்று தினமும் சொல்கிறாள். அது மோந்து பார்த்துவிட்டு சீட்டில் ஏறிப் படுத்துக்கொள்கிறது. இவ்வளவு பெரிய எலியை ஒரு பூனை மோப்பம் பிடிக்காமல் இருக்குமா என்று அத்தைக்கு ஒரே கவலை. பூனைக்கு மூக்கு அடைத்திருக்கிறது என்று முடிவு பண்ணி, அதற்கு ஆவி காட்டிப் பார்த்தாள். பூனை அவள் கையைக் கீறிவிட்டு அலமாரிக்கு மேல் போய்விட்டது. நீ வந்ததும் முதலில் பூனையின் மூக்கைப் பார்க்க வேண்டுமாம். இதை மறக்காமல் எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன்.

சரி, வண்டிக்கு வருகிறேன். அத்தையே போய் டெஸ்டரைக் கூட்டி வந்தாள். உனக்குத் தெரியுமே, தண்ணீர் மோட்டார் ரிப்பேர் பண்ணுகிறவர், காதில் எப்போதும் கரண்ட் பார்க்கிற டெஸ்டர் செருகியிருப்பார், தூங்கும்போதும் எடுப்பதில்லை என்பார்கள். வந்ததும் வராததுமாக வெட்டுப்பட்ட வயரைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணே, எலி கடிச்சா பிசிறு பிசிறா இருக்கும். இது பிளையர்ல வெட்டுன மாதிரி சுத்தமா இருக்கே?"

"நல்ல பல்லு இருக்கிற எலி டெஸ்டரு."

"எல்லா வயரும் ஒரே அளவுல இருக்கு."

"ஒரே கடி. நான்தான் பார்த்தேனே."

பிறகு ஃபியூஸ் பெட்டியைத் திறந்தார். வெள்ளித்தாளை வெளியே எடுத்தார்.

"இத யாரு வச்சது?"

"எலி கண்டதையும் கொண்டுவந்து கூடு கட்டும்."

"மடிச்சுல்ல வச்சிருக்கு? நாலா மடிச்சிருக்கு அண்ணே."

"கொஞ்சம் சுத்தபத்தமான எலி" என்றேன். அத்தை என்னை ஒரு மாதிரி பார்த்தாள். நான் தையல்காரரின் கால் எப்படியிருக்கிறது என்று உரக்க விசாரித்தேன்.

டெஸ்டர் வயர்களை மட்டும் சேர்த்து டேப் சுற்றிவிட்டுக் கிளம்பத்தான் பார்த்தார். ஒரு டீ குடிக்கிற நேர வேலை என்றார். அத்தை விடவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "எலி உள்ள இருக்கும்போது மேல டேப் சுத்தி என்ன பிரயோஜனம்? புள்ள மலையில போய்ட்டிருக்கும்போது மறுபடி கடிச்சா? பெரிய டாக்டர் முன்னாடி நடு வழியில நின்னா புள்ள வேலைக்கு நீங்க பொறுப்பா? எல்லாத்தையும் கழட்டுங்க. எலி வெளிய வரணும்" என்றாள். அவள் அந்தக் குரலில் பேசினால் நானே எழுந்து நிற்பேன், டெஸ்டர் எம்மாத்திரம்.

கழட்டினார். நீள விளக்கைக் கழட்டினார், பாட்டுப் பெட்டியைக் கழட்டினார், சூடு உறையை உரித்தார், லாரி ஹார்னை எடுத்துத் தையல்காரர் வீட்டுப் பக்கம் வைத்தார், தையல்காரர் அதைத் திருப்பி எங்கள் பக்கம் வைத்தார். சீட்டு, மூடி, பின்விளக்கு, கடைசியில் நான் அழகாகப் பெயிண்ட் அடித்து வைத்திருந்த எர்த் போல்ட்டுகள் எல்லாம் கழன்றன. எலி வரவில்லை. "குழாய் மாதிரி சட்டத்துக்குள்ள புகுந்திருக்கும்" என்று நான் ஒரு யோசனை சொன்னேன். சட்டத்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். தையல்காரர் ஒற்றைக் காலில் நின்றபடி ஒரு குச்சியை விட்டுக் குடைந்தார். பூனை வந்து எல்லோரையும் பார்த்துவிட்டுப் போய்விட்டது.

இதற்குள் அத்தைக்கு இன்னொரு கவலை. எலி நடமாடின இடம், நாளைக்கு நீ கையை வைப்பாய், அதே கையால் சாப்பிடுவாய். பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரைக் கொண்டுவந்து, போல்ட் இருந்த இடங்களையெல்லாம் சோப்புப் போட்டுத் தேய்க்க ஆரம்பித்துவிட்டாள். என் பெயிண்ட்! இரண்டு கை அடித்த பெயிண்ட்! "மெதுவா தேய், கண்ணாடி மாதிரி இருக்கு" என்று கெஞ்சினேன். அவள் அடிப்பிடித்த சட்டியைத் தேய்க்கிற மாதிரி தேய்த்தாள். கீழே வெள்ளையாக இரும்பு தெரிகிற வரைக்கும் விடவில்லை. போல்ட்டுகளையும் ஒரு கிண்ணத்தில் போட்டு அலசினாள். டெஸ்டர் சலித்துப் போய், உன் பழைய வயர்களை மட்டும் அதனதன் இடத்தில் மாட்டி, எர்த்தை அந்த வெறும் இரும்பில் வைத்து முறுக்கி, புது ஃபியூஸ் போட்டு, சாவியைத் திருப்பினார்.

பிரேக் அழுத்தினால் பிரேக் விளக்கு எரிந்தது. இடது சிக்னல் போட்டால் இடது சிக்னல் வந்தது. உன் பழைய ஹார்ன், அந்தக் கோழிக்குஞ்சு, அமுக்கினால் கத்தியது, விட்டால் நின்றது.

டெஸ்டர் நெற்றியில் அடித்துக்கொண்டு, "அண்ணே, போற கரண்ட்டு திரும்பி வர வழி வேணும். எர்த்த இரும்புல குடுக்கணும், நீங்க பெயிண்ட் மேல குடுத்திருக்கீங்க. கதவச் சாத்திட்டு உள்ள வா வான்னு கூப்ட்டா எப்படி வரும்? அதான் ஹார்ன் வழியா, லைட்டு வழியா, பாட்டு வழியா சந்து சந்தா சுத்தியிருக்கு" என்றார். நான் சிரித்துவிட்டேன். பெயிண்ட்டுக்கும் கரண்ட்டுக்கும் என்ன சம்பந்தம், சொல்? பெயிண்ட் வாசனைக்கு எலி வந்தது, எலி வந்ததால் கரண்ட் பயந்தது, அத்தை தேய்த்ததும் வாசனை போனது, எலியும் போனது. ஆனால் அவர் மனசு கோணக்கூடாதென்று தலையாட்டி வைத்தேன்.

அன்றைக்கே மலையடிவாரம் வரை ஓட்டிப் பார்த்துவிட்டேன். பின்னால் அத்தை, மடியில் பூனை. வண்டி ஒரு தடவைகூட இருமவில்லை. மேட்டில் ஏறியது, பள்ளத்தில் இறங்கியது, ஓர் ஓடையைத் தாண்டியது. ஓடையில் தண்ணீர் இல்லை, இருந்திருந்தாலும் தாண்டியிருக்கும். அத்தை இறங்கினதும் வண்டியின் மூக்கைத் தட்டிக்கொடுத்து, "புள்ள வேலைய காப்பாத்திட்டோம்ங்க" என்றாள். கண்ணில் தண்ணீர். தூசி விழுந்ததாம்.

ஒரே ஒரு குறை மட்டும் இருக்கிறது. அந்தப் பெண் குரல் பெட்டி எங்கே போனதென்று தெரியவில்லை. நான்தான் எங்கோ உள்ளே ஒளித்து மாட்டினேன், டெஸ்டரும் தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. ரிவர்ஸ் எடுத்தால் இப்போதும் "கவனம், வண்டி பின்னால் வருகிறது" என்று வரும். நல்ல தெளிவாக, மரியாதையாகச் சொல்கிறது. பெரிய டாக்டர் கேட்டால் அது பாதுகாப்புக்கென்று நீயே வைத்தது என்று சொல், ஒருவேளை சந்தோஷப்படுவார். நீள விளக்கு வேண்டுமென்றால் சொல், மாட்டித் தருகிறேன். வேண்டாமென்றாலும் சொல், பெட்டியிலேயே இருக்கட்டும்.

வெள்ளிக்கிழமை பத்திரமாக வந்து சேர். திங்கட்கிழமை நீ மலையேறி இறங்கும்போது நிரந்தரமான டாக்டராக இறங்க வேண்டும். ஆடுகள் எல்லாம் உன் கைக்கு அடங்கி நிற்கட்டும், எல்லாப் பட்டிக் கதவும் உனக்காகத் திறந்திருக்கட்டும், நீண்ட ஆயுளும் நிறைந்த மனசுமாக இரு என்று நானும் அத்தையும் மனசார வாழ்த்துகிறோம். உன் அம்மாவிடம் அண்ணன் எல்லாம் பார்த்துக்கொண்டான் என்று சொல். தையல்காரரும் விசாரித்தார்.

இப்படிக்கு,
உன் நலத்தையே நினைத்துக்கொண்டிருக்கும்
மாமா

பின்குறிப்பு: இதை உன் அத்தை மேலே எழுதினதையெல்லாம் வாசித்து, வெள்ளித்தாள் இடத்தில் மட்டும் என்னை ஒரு முறை முறைத்துவிட்டு, "சரியாத்தான் எழுதியிருக்கீங்க, ஒட்டிடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போன பிறகு எழுதுகிறேன். பூனையின் மூக்கில் எந்தக் கோளாறும் இல்லை.

எலி கிடையாது. டூல் பெட்டிக்கு ஓடித் திரும்பி வந்தபோது என் கையில் பிளையர் இருந்தது. தெருவே பார்த்துக்கொண்டிருந்தது, ஹார்ன் நிற்கவில்லை, கைக்கு அகப்பட்ட வயர்க் கட்டை ஒரே வெட்டு. அத்தை யார் என்று கேட்டாள், வாயில் எலி வந்துவிட்டது. ஆனால் யோசித்துப் பார் அம்மாடி, நான்தான் வெட்டினேன் என்று சொல்லியிருந்தால் டெஸ்டர் டேப் சுற்றிவிட்டு டீ குடித்துவிட்டுப் போயிருப்பார், அத்தை கம்பி நாரை எடுத்திருக்க மாட்டாள், நீ திங்கட்கிழமை நடுமலையில் பெரிய டாக்டர் முன்னால் ஹார்ன் அடித்துக்கொண்டு நின்றிருப்பாய். இல்லாத எலிதான் உன் வண்டியை ஓட வைத்தது. இதையும் நான் அன்றைக்கே சொன்னேன் என்று சொல்லலாம், ஆனால் சொல்லவில்லை.

இப்போது ஓர் உதவி. அத்தை நாளுக்கு நாள் அந்தப் பூனையை ஒரு மாதிரி பார்க்கிறாள், பிறகு என்னைப் பார்க்கிறாள். நீ வந்ததும், மலைக்குப் போகிற வழியில் எலியை நீயும் பார்த்ததாக ஒரு வார்த்தை சொல்லிவிடு. கறுப்பு நிறம், வலது காதில் கிழிசல், வால் நீளம், ஊரைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. இவ்வளவு போதும். நீயாக எதையும் சேர்த்துச் சொல்லிவிடாதே, உனக்கு அதெல்லாம் பழக்கமில்லை.